துரை சாப்பிட்டாரா?

துரை மறுபடியும் துப்பிவிட்டார்.

குருணையை வாய்க்குள் வாங்கினார், கொஞ்சம் யோசித்தார், 'இதையா எனக்குக் கொண்டுவந்தாய்?' என்பதுபோல் வெளியே தள்ளினார். பிறகு வாலை விசிறிக்கொண்டு செடிக்குப் பின்னால் போய்விட்டார். குருணை சுழன்று சுழன்று கூழாங்கற்களின் மேல் இறங்கியது. அழுகித் தண்ணீரைக் கெடுத்துவிடும் என்று அதைச் சொட்டுமருந்துக் குழாயால் உறிஞ்சி எடுத்தேன்.

துரை, மாமா வளர்க்கும் ஃபைட்டர் மீன். கருநீல உடம்பு, சிவப்பு விளிம்பு வைத்த பட்டுப்பாவாடை மாதிரி வால். பெயர் வைத்தது அத்தை. போட்டதையெல்லாம் துப்பும் மீனைப் பார்த்து, "பெரிய துரை! இவருக்குத் தனியா சமைக்கணுமாம்" என்று ஒருநாள் சொன்னாள், அதுவே நிலைத்துவிட்டது. ஆனால் மாமா கொடுத்தால் மட்டும் துரை துப்பியதே இல்லை.

மாமா என் அம்மாவின் தம்பி; நான் அவர் வீட்டில்தான் தங்கியிருக்கிறேன். செல்போன் பழுது பார்ப்பவர். கடையில் முடியாத நுணுக்கமான வேலைகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, கூடத்தில் கிடக்கும் மேசையில் உட்கார்ந்து முடிப்பார். மேசையின் ஒரு பாதி அவருடையது. அதன் ஓரத்தில்தான் துரையின் தொட்டி. மறுபாதி என்னுடையது. நான் பகலில் ஒரு மருந்துக் கிடங்கில் வேலை பார்க்கிறேன். மாலையில் கணக்கியல் வகுப்புக்குப் போகிறேன். வகுப்பு முடிந்து வந்ததும் அந்தப் பாதியில் உட்கார்ந்து படிப்பேன், கொஞ்சம் நாட்குறிப்பு எழுதுவேன். நானும் மாமாவும் அதிகம் பேசிக்கொள்ள மாட்டோம். அவர் பக்கம் ட்வீசர் இடுக்கி கிணுகிணுக்கும், என் பக்கம் தாள் சரசரக்கும்.

அப்படி இருந்தபோதுதான், இடது கண்ணின் ஓரத்தில் திரை இறங்குவதுபோல் இருக்கிறது என்றார் மாமா. விழித்திரை கழன்றிருக்கிறது, உடனே அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்றார்கள். கிளம்பும்போது அவர் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "துரையைப் பார்த்துக்கம்மா."

கதவைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்க்கிற ஜாதி நான். என்னிடம் போய் ஒரு உயிரை ஒப்படைத்துவிட்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோதும் தன் கண்ணைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

"துரை சாப்பிட்டாரா?"

"துப்பிட்டாரு மாமா."

"நீ எப்படிக் கொடுத்தே?"

சொன்னேன். அவர் பொறுமையாகத் தன் முறையைச் சொன்னார். மீன்தீனிக் குருணையை முதலில் ஒரு மூடித் தண்ணீரில் ஊறவிட வேண்டும். மஞ்சள் டேப் சுற்றிய ட்வீசரால் எடுக்க வேண்டும். தொட்டிக்கு மேலே நன்றாகக் குனிந்து, தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் காட்ட வேண்டும். ஆட்டக் கூடாது. "அவ்வளவுதான்மா. வேற ஒரு வித்தையும் இல்ல."

அதே மூடி, அதே ட்வீசர், அதே குனிவு. துரை வந்தார், பார்த்தார், போனார்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். தண்ணீரின் சூட்டைப் பார்த்தேன், சரியாகவே இருந்தது. குருணைக்குப் பதில் உலர்ந்த புழு கொடுத்தேன், துப்பினார். கடைக்காரர் தந்த உறைந்த புழுவை உருக்கிக் கொடுத்தேன்; அதை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. என் கையில் மருந்துக் கிடங்கின் வாடை இருக்குமோ என்று முழங்கை வரை கழுவினேன்.

அத்தை குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்ப்பவள். சாப்பிட மறுக்கும் பிள்ளைகளைத் தினமும் பார்க்கிறவள். "நீ வாயையே பார்த்துக்கிட்டு நின்னா எந்தப் பிள்ளை சாப்பிடும்? வச்சுட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கோ. தானா முழுங்கும்" என்றாள். திரும்பிக்கொண்டேன். அத்தையும் திரும்பிக்கொண்டாள். இரண்டு பேரும் சுவரைப் பார்த்தபடி ஒரு மீனுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். திரும்பிப் பார்த்தால் குருணை அடியில் கிடக்கிறது.

"சரி விடு. இது என் சர்வீஸ்லயே பார்க்காத பிள்ளை" என்றாள் அத்தை.

மாமாவை வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழியை விட்டிருக்கிறார்கள். அது மேலே எழும்பி விழித்திரையைக் கண்ணின் பின்சுவரோடு சேர்த்து அழுத்திப் பிடிக்க வேண்டும். அதற்கு மாமா குப்புறப் படுத்து, முகத்தைத் தரையைப் பார்த்தே வைத்திருக்க வேண்டும். சாப்பாடும் குனிந்தபடிதான். தலையை நிமிர்த்தினால் குமிழி இடம் மாறும். விழித்திரை மறுபடியும் கழன்றால் அந்தக் கண் திரும்பக் கிடைக்காது.

மயிரிழை கம்பிகளைப் பற்றவைத்துப் பிழைக்கிறவருக்கு ஒரு கண் போவது என்றால் என்ன என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவருடைய கருவிகளை மட்டும் அத்தை ஒரு துணியில் சுற்றி மேசையின் இழுப்பறைக்குள் வைத்துவிட்டாள். அவர் கண்ணில் பட வேண்டாமாம். ட்வீசர் மட்டும் துரைக்காக வெளியே இருந்தது.

கட்டிலின் முனையில் இரண்டு முக்காலிகளை இடைவெளி விட்டுப் போட்டோம். அவற்றின்மேல், அத்தை காப்பகத்தில் கேட்டு வாங்கி வந்த குழந்தைகளின் நீச்சல் வளையத்தை வைத்தோம். வாத்துப் படம் போட்ட வளையம். அதற்குள் மாமாவின் முகம்.

"வாழ்நாள் பூரா தலையைக் குனிஞ்சு வேலை பார்த்தேன். வைத்தியமும் தலையைக் குனிஞ்சுதானா?" என்றார் மாமா, தரையைப் பார்த்து.

"கல்யாணத்தன்னைக்கு நான் குனிஞ்ச தலை நிமிராம உட்கார்ந்திருந்தேன்ல? அந்தக் கணக்கு இப்ப நேராகுது" என்றாள் அத்தை.

சிரித்தோம். ஆனால் சிரிப்பு அதிக நேரம் தாங்கவில்லை. கூடத்தின் அந்த மூலையில் கவிழ்ந்து படுத்தால் மேசை தெரியாது. துரையிடம் ஒரு சின்னச் சளப்புச் சத்தம் கேட்டால் போதும், மாமாவின் தலை வளையத்திலிருந்து எழும்பும்.

"என்னங்க!"

"இல்ல... சாப்பிட்டாரானு..."

"சாப்பிட்டாராம், குடிச்சாராம்! தலையைப் போடுங்க கீழே!"

மாமாவுக்கும் சாப்பாடு இறங்கவில்லை. குனிந்தபடி விழுங்குவது கஷ்டம் என்றார். அத்தை கிண்ணத்தையும் கரண்டியையும் வைத்துக்கொண்டு கட்டில் முனையில் தரையில் உட்கார்ந்திருப்பாள். இரண்டு வாய்க்கு மேல் உதட்டைப் பூட்டிக்கொள்வார். "அங்க ஒரு துரை, இங்க ஒரு துரை. நடுவுல நான் ஆயா" என்பாள். சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய் அவள் மூக்கைச் சிந்தும் சத்தம் எனக்குக் கேட்கும்.

ஒரு தடவை நான் வகுப்பிலிருந்து வந்து கதவைத் திறந்தபோது மாமா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தே இருந்தார். கழுத்தை எக்கி மேசைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் திருடன் மாதிரி மறுபடி கவிழ்ந்தார்.

"எவ்வளவு நேரமா மாமா?"

"இப்பதான். சத்தியமா இப்பதான். அத்தைகிட்ட சொல்லிடாதே."

மீன் சாப்பிடாததால் மாமா தலையைத் தூக்குகிறார். தலையைத் தூக்குவதால் கண் போகப் போகிறது. மீனைச் சாப்பிட வைக்கத் தெரியாதவள் நான். கூட்டிக் கழித்துப் பார்த்தால் பழி வந்து நிற்கிற இடம் அதுதான்.

விடுமுறை நாள் மதியம், மழை இருட்டிக்கொண்டு வந்த நேரத்தில், எனக்கு ஒன்று தோன்றியது. மாமா துரையிடம் வர முடியாது. துரை மாமாவிடம் வரலாமே? இவ்வளவு சின்ன யோசனை இத்தனை நாள் வராததற்கு என்னை நானே திட்டிக்கொண்டேன். பிறகு, தொட்டியைத் தூக்கினால் மீன் அதிர்ச்சியில் செத்துவிடுமோ என்று பயந்தேன். அதன்பிறகு தூக்கினேன்.

பாதித் தண்ணீரை வாளியில் இறைத்துவிட்டு, நானும் அத்தையும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து, தொட்டியை இரண்டு முக்காலிகளுக்கு நடுவே தரையில் வைத்தோம். தண்ணீரைத் திரும்ப ஊற்றினோம். வளையத்துக்கு நேர் கீழே துரை.

"அடடே! வாங்க வாங்க" என்றார் மாமா. வீட்டுக்கு வந்தபிறகு அவர் குரலில் அன்றுதான் அந்தத் தெளிவு இருந்தது. "இளைச்சுட்டாரே!"

குருணையை ஊறவைத்து ட்வீசரில் பிடித்து அவர் கையில் கொடுத்தேன். கட்டிலின் ஓரமாகக் கையைத் தொங்கவிட்டு, நுனியைத் தண்ணீருக்கு அருகில் காட்டினார். நடுக்கமில்லாத கை.

துரை வந்தார், பார்த்தார், போனார்.

இன்னொரு தடவை. துரை செடிக்குப் பின்னாலிருந்து வெளியே வரவேயில்லை.

அத்தை ஏதோ வேடிக்கையாகச் சொல்ல வாயெடுத்து மூடிக்கொண்டாள். மழை பெய்யத் தொடங்கியிருந்தது.

"மறந்துட்டான்," என்றார் மாமா. அதுவரை அவர் துரையை அவன் இவன் என்று சொல்லி நான் கேட்டதில்லை. "என் கை மாறிப்போச்சு போல. இனிமே எதுக்கும் ஆகாது."

அவர் மீனைப் பற்றி மட்டும் பேசவில்லை என்று எங்கள் இருவருக்கும் தெரிந்தது. விரல்கள் தளர்ந்து ட்வீசர் தரையில் விழுந்து கட்டிலுக்கு அடியில் ஓடியது.

நான் மண்டியிட்டேன். அவர் தலையின் நிழல் தொட்டியின் மேலும் தரையின் மேலும் கவிந்து கும்மிருட்டாக இருந்தது. கைபேசியின் டார்ச்சைப் போட்டுத் தேடினேன். வெளிச்சம் தற்செயலாகத் தொட்டியின் மேல் பட்டது.

"ஏய், ஏய்! பாரு!" என்றார் மாமா.

துரை மேலே நின்றுகொண்டிருந்தார். மூக்கு தண்ணீரைத் தொட, வால் முழுதும் விரிய, விருந்துப் பந்தியில் முதல் ஆளாக உட்கார்ந்தவர் மாதிரி.

டார்ச்சை அணைத்தேன். கொஞ்ச நேரத்தில் கீழே இறங்கினார். மறுபடி போட்டேன், ஏறி வந்தார். எதையும் மூன்றாவது தடவை பார்க்காமல் எனக்கு நம்பிக்கை வராது. மூன்றாவது தடவையும் வந்தார்.

"மாமா, துரைக்குச் சாப்பாடு போடறப்ப நீங்க எந்த லைட்டைப் போடுவீங்க?"

"லைட்டா? நான் எந்த லைட்டும் போட மாட்டேனே. ட்வீசர், குருணை, அவ்வளவுதான்."

அத்தைதான் முதலில் சிரித்தாள். நெற்றியில் அறைந்துகொண்டு சிரித்தாள். "தலையில மாட்டிக்கிட்டே திரிவீங்களே, அது என்ன? கிரீடமா?"

மாமா வேலை செய்யும்போது நெற்றியில் மாட்டுகிற விளக்கு. பட்டை வைத்தது, முன்னால் மடக்கும் பூதக்கண்ணாடியும் உண்டு. வேலைக்கு உட்கார்ந்ததும் அதை மாட்டுவார். மாட்டியபடியே துரைக்குத் தீனி கொடுத்துவிட்டுத்தான் முதல் போனைத் திறப்பார். துரைக்கு அந்த வெளிச்சம்தான் சாப்பாட்டு மணி. தன் நெற்றியில் இருப்பது அவர் கண்ணுக்கு என்றைக்குத் தெரிந்தது, எனக்குச் சொல்லிக்கொடுக்க?

இழுப்பறையைத் திறந்து துணிச்சுருளைப் பிரித்தேன். விளக்கை எடுத்தபோது, என் கண் மேசையில் என் பக்கத்துக்குப் போனது. அங்கே வளையும் கழுத்துள்ள மேசை விளக்கு. நான் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் அது மாமாவின் பக்கம் இருந்தது. ஒருநாள் வகுப்பு முடிந்து வந்தபோது என் பக்கம் மாறியிருந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குச் சில நாள் கழித்து மாமா நெற்றியில் இதை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புதிதாக ஏதோ தொழில் வசதி என்று நினைத்துக்கொண்டு, "சுரங்கத்துக்குக் கிளம்பிட்டீங்களா மாமா?" என்று நான் கிண்டல்கூடச் செய்தேன். அவரும் சிரித்தார். துரை வந்தது அதற்குப் பிறகு.

நான் எழுதிய ஒவ்வொரு பக்கமும் அவருடைய வெளிச்சத்தில் எழுதியது. அதற்குப் பதில்தான் அவர் நெற்றியில் ஒன்றைச் சுமந்துகொண்டிருந்தார். எனக்கு ஒரு மீன் சொல்லித் தெரிய வேண்டியிருந்தது.

"என்னம்மா, கிடைச்சுதா?"

"கிடைச்சுது மாமா."

பட்டையை என் தலைக்கு இறுக்கி மாட்டிக்கொண்டு, முக்காலிகளுக்குப் பக்கத்தில் தரையில் குப்புறப் படுத்தேன். விளக்கைப் போட்டேன். துரை ஏறி வந்தார். ட்வீசரை மாமாவின் கையில் வைத்தேன். அவர் காட்டினார். 'டப்' என்று ஒரு சின்னச் சத்தம். குருணை போன இடம் தெரியவில்லை. துப்பவில்லை. அடுத்தது. அதுவும் போயிற்று.

"போதும். வயிறு வெடிச்சுடும்," என்றார் மாமா. பிறகு தரையைப் பார்த்தபடியே, "எனக்கும் ஏதாவது கொடேன்," என்றார்.

"அதான பார்த்தேன்!" என்று அத்தை அடுக்களைக்கு ஓடினாள். அன்று அவர் கிண்ணத்தைக் காலி செய்தார்.

அதன்பிறகு அவர் தலை வளையத்தை விட்டு எழும்பவில்லை. எழும்ப என்ன இருக்கிறது? பார்க்க வேண்டியது கீழேதான் இருந்தது. காலையில் கிடங்குக்குப் போகும் முன்பும், மாலையில் வகுப்புக்கு ஓடும் முன்பும் நான் விளக்கை மாட்டிக்கொண்டு படுப்பேன்; அவர் ஊட்டுவார். மற்ற நேரமெல்லாம் மாமாவும் துரையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஒருநாள் துரை தண்ணீரின் மேல் ஒரு மூலையில் நுரைபோலக் குமிழிகளை ஊதிக் கூடு கட்டியிருந்தார். மனநிறைவாக இருந்தால் அந்த மீன்கள் அப்படிக் கட்டுமாம். "என் கண்ணுல ஒரே ஒரு குமிழி. துரையைப் பாரு, ஊரே கட்டிட்டார்" என்றார் மாமா.

பரிசோதனைக்குப் போன நாளில் நான் விடுப்பு எடுத்துக்கொண்டு கூடப் போனேன். டாக்டரம்மா நீண்ட நேரம் பார்த்தார். விழித்திரை நன்றாக ஒட்டியிருக்கிறது, இப்படிச் சொன்னபடி படுத்திருக்கும் ஆட்கள் குறைவு என்றார். "எப்படிப் பொறுத்துக்கிட்டீங்க?" என்று கேட்டார். மாமா என்னைக் காட்டினார். நான் என்ன செய்தேன்? ட்வீசரைத் தேடினேன். அதைச் சொல்லலாமா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் அடுத்த நோயாளி உள்ளே வந்துவிட்டார்.

பார்வை தெளிய நாளாகும், ஆனால் இனி தலை நிமிர்ந்து இருக்கலாம். வீட்டுக்கு வந்ததும் மாமா முதல் வேலையாக மேசை விளக்கைத் துடைத்தார். நான் அதைத் தூக்கி அவர் பக்கம் வைத்தேன். அவர் தூக்கி என் பக்கம் வைத்தார். நான் மறுபடி கையை நீட்டினேன்.

"துரைக்கு அது பழக்கமில்லம்மா. எனக்கு நெத்தி விளக்குதான் சரி," என்றார். "சரி மாமா" என்று மட்டும் சொன்னேன். நன்றி என்று சொல்ல நினைத்தேன். அந்த வீட்டில் அந்த வார்த்தையைச் சொன்னால் யாரோ விருந்தாளி வந்ததுபோல் இருக்கும்.

தொட்டியை மேசைக்கு எப்போது ஏற்றலாம் என்று அத்தை கேட்டாள். "நாளைக்கு" என்றார் மாமா. அடுத்த நாளும் நாளைக்குத்தான்.

அப்படி ஒரு மாலை நான் வகுப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அத்தை அடுக்களை வாசலில் நின்று என்னைச் சைகையால் கூப்பிட்டாள். எட்டிப் பார்த்தேன். மாமா நெற்றி விளக்கை மாட்டிக்கொண்டு, கையில் ட்வீசரோடு, வெறுந்தரையில் குப்புறப் படுத்திருந்தார்.

"டாக்டரம்மா நிமிரலாம்னு சொல்லி அனுப்புனாங்க," என்றாள் அத்தை. "மனுஷன் மறுபடியும் கவுந்துட்டார் பாரு."

தொட்டியிலிருந்து 'டப்' என்று கேட்டது.