பதினெட்டு என்று எழுதிய காலை

ஒரே நோயாளியை ஐந்து நாள் கூடவே இருந்து கவனித்து, கேஸ் ஸ்டடி எழுதிக் கொடுக்க வேண்டும். பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் ஆண்டு மாணவி ஷைலாவுக்கு அந்தப் பருவத்து வேலை அதுதான். பூந்தமல்லி ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டின் ஒன்பதாம் கட்டில் அவள் பங்குக்கு வந்தது. வானகரத்து முத்தம்மாள், ஐம்பத்திரண்டு வயது, செம்பரம்பாக்கத்துக் கிடங்கு ஒன்றில் பெட்டி கட்டுகிறவள். சர்க்கரைக்காரி. ஆணி குத்தியதைக் கவனிக்காமல் விட்டு, இடது பாதம் புண்ணாகிப் படுத்திருந்தாள்.

மூன்றாம் நாள் ஆவடியிலிருந்து வந்த பஸ் சென்னீர்குப்பத்தில் இருபது நிமிடம் நகரவே இல்லை. ஷைலா வார்டுக்குள் ஓடி வந்தபோது மணி எட்டேகால். எட்டு மணிக் கணக்குகளைப் பார்க்க ஆசிரியை ஞானகுமாரி எந்த நேரமும் வந்துவிடுவாள்.

"நேத்து போட்டதையே போடுடீ. அந்தம்மா நல்லாத்தான் தூங்குது," என்றாள் பக்கத்துக் கட்டிலைப் பார்த்துக்கொள்ளும் வகுப்புத் தோழி சௌம்யா.

காய்ச்சல், நாடி, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் முந்தின நாள் கட்டத்திலிருந்து அப்படியே இறக்கினாள் ஷைலா. மூச்சு, நிமிடத்துக்குப் பதினெட்டு. கையெழுத்தும் போட்டாள். அந்த வார்டில் மாணவிகள் எழுதிய தாள்களில் பெரும்பாலும் எல்லாருமே பதினெட்டு முறைதான் மூச்சு விட்டார்கள்.

பத்தரை மணிக்கு வகுப்பு முடிந்து திரும்பியபோது முத்தம்மாள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து புடவையை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டிருந்தாள். மே மாதம். வார்டு அனலாகக் கொதித்தது.

"ஜன்னலை சாத்து சுதா. குளுருது. ஊட்டுக்குப் போவணும்."

"நான் ஷைலாம்மா. படுங்க."

காலடியில் நின்றிருந்த அவள் புருஷன் பால்ராஜின் முகம் வெளிறியது. "சுதா இவ தங்கச்சி பாப்பா. அது செத்து ஆறு வருசமாச்சி. காலைலேந்து அது பேரத்தான் சொல்லிக்கினு கீறா."

ஷைலா நாடி பார்ப்பவள் போல முத்தம்மாளின் மணிக்கட்டைப் பிடித்தாள். எண்ணுவது தெரிந்தால் மூச்சு மாறிவிடும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கை ஐஸாக இருந்தது. கண் கடிகாரத்தில் இருக்க, ஏறி இறங்கிய நெஞ்சை ஒரு முழு நிமிடம் எண்ணினாள். முப்பத்திரண்டு. தப்பாக இருக்கும் என்று மறுபடி எண்ணினாள். முப்பத்து நான்கு.

பேனாவை எடுத்தாள். பதினெட்டுக்கு அடுத்த கட்டத்தில் முப்பத்து நான்கா? இருபத்திரண்டு என்று போட்டால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். பேனா முனை தாளைத் தொட்டுவிட்டது. முத்தம்மாள் அவளையே பார்த்தாள், அவளுக்குப் பின்னால் வேறு யாரோ நிற்பதைப் பார்ப்பது போல.

பேனாவைப் போட்டுவிட்டு ஷைலா ஓடினாள். தீவிர சிகிச்சைக்கான நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பில் எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படிக்கும் ரேணுகா, வார்டின் அந்தக் கோடியில் இருந்தாள். வந்ததும் அவள் முத்தம்மாளின் முழங்காலை அழுத்திப் பார்த்தாள். தோல் திட்டுத் திட்டாக நீலம் பாரித்திருந்தது. ரத்த அழுத்தம் எண்பத்து நான்குக்கு இறங்கியிருந்தது.

"புண்ணுலேந்து ரத்தத்துல விஷம் ஏறிடுச்சு," என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டு, ரேணுகா போனில் டாக்டரைக் கூப்பிட்டாள். மணி அடிக்கும்போதே தாளைப் புரட்டினாள். "எட்டு மணிக்குப் பதினெட்டு போட்டிருக்கே. அப்ப நல்லாத்தான் இருந்தாங்களா? இது எப்போ ஆரம்பிச்சதுன்னு அவர் கேப்பார்."

சௌம்யா வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள். வார்டு வாசலில் ஞானகுமாரி வந்து நின்றுவிட்டாள்.

"எண்ணலக்கா," என்றாள் ஷைலா. "நேத்து நம்பரைப் பாத்து எழுதிட்டேன்."

ரேணுகா திட்டவில்லை. போனில், "எட்டு மணி ரீடிங்கை நம்பாதீங்க டாக்டர்," என்று மட்டும் சொன்னாள்.

மதியமே ஆபரேஷன். முழங்காலுக்குக் கீழே இடது காலை எடுத்தார்கள். ஐ.சி.யு.வில் மூன்று நாள் இதோ அதோ என்று இருந்து, நான்காம் நாள் முத்தம்மாள் கண் திறந்தாள்.

அதற்குள் ஞானகுமாரி எட்டு மாணவிகளின் தாள்களையும் மேசையில் பரப்பிப் பார்த்துவிட்டாள்; ஏறக்குறைய எல்லாவற்றிலும் அதே பதினெட்டு. எல்லாரும் அந்த வார்டு வேலையை முதலிலிருந்து செய்ய வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஷைலாவின் கேஸ் ஸ்டடி ரத்து. பஸ்ஸில் அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

"உன் தப்பைச் சொன்னே, சரி. எங்களை ஏன்டி மாட்டிவிட்டே?" என்று கேட்ட சௌம்யா அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

நான்காம் நாள் மாலை ஐ.சி.யு. வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பால்ராஜ், ஷைலாவைப் பார்த்ததும் எழுந்து இரண்டு கையையும் கூப்பினார்.

"நீ மட்டும் பாக்கலன்னா அவ போய்ச் சேந்திருப்பா பாப்பா. நீ நல்லா இருக்கணும்."

பெஞ்சில் இருந்தவர்களெல்லாம் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

"அங்கிள், அன்னிக்குக் காலைல எட்டு மணிக்கே நான் பாத்திருக்கணும். பாக்கல. பாத்த மாதிரி எழுதி வெச்சிட்டேன்."

கூப்பிய கை மெல்ல இறங்கியது.

"அப்பவே பாத்திருந்தா, காலு இருந்திருக்குமா?"

"தெரியல. இருந்திருக்கலாம்."

உள்ளேயிருந்து ஒரு நர்ஸ் தலையை நீட்டி, "முத்தம்மாள் கூட வந்தவங்க யாரு?" என்று கேட்டாள். பால்ராஜ் செருப்பைக் கழற்றிவிட்டு, ஷைலாவின் பக்கம் திரும்பாமலே உள்ளே போனார்.