எனக்கு மட்டுமே தெரிந்த எஃப்.பி.டி.

2005 பட்ஜெட்டில் எஃப்.பி.டி. என்று புதிதாக ஒரு வரி வந்தது. ஊழியர்களுக்காகக் கார், ஹோட்டல், பரிசு என்று கம்பெனி செய்யும் செலவுக்குக் கம்பெனியே கட்டவேண்டிய வரி. செலவுக்குச் செலவு வேறு சதவீதம், விதிவிலக்குக்குள் விதிவிலக்கு. பள்ளிக்கரணையில் வரி சாஃப்ட்வேர் எழுதும் எங்கள் சின்ன ஆபீசில் யாரும் அதைத் தொட விரும்பவில்லை. நான் தொட்டேன்.

நான்கு வருடம் அதிலேயே கிடந்தேன். கூடவே ஒரு கள்ளத்தனமும் செய்தேன். என்னைத் தவிர யாருக்கும் புரியாதபடி புரோகிராம் எழுதினேன். மேனேஜர் தினகரன் அதை விளக்கும் டாகுமெண்ட் கேட்கும்போதெல்லாம் "அடுத்த வாரம் சார்" என்றேன். நான் மட்டுமே படிக்கக்கூடிய புரோகிராம் இருக்கும்வரை என்னை எவன் வெளியே அனுப்புவான்?

பக்கத்து சீட் தமிழினி எனக்கு நேர் எதிர். தன் வேலை முழுவதையும் அழகாக எழுதிவைப்பாள்.

"எல்லாத்தையும் எழுதி வச்சிட்டா நாளைக்கு நீ எதுக்கு?" என்று சீண்டினேன்.

"வேற வேலைக்குப் போவேன். நீயும் சேல்ஸ் டாக்ஸ் டீமுக்கு வாயேன், அசார். இடம் இருக்கு."

அந்த டீமுக்குப் போனது அவள்தான். நான் போகவில்லை.

2008 கடைசியில் பொருளாதார மந்தம் வந்து ஒரே நாளில் எட்டுப் பேரை அனுப்பினார்கள். பட்டியலில் என் பெயர் இல்லை. அன்றைக்கு மேற்குத் தாம்பரத்தில் பைக்கை நிறுத்தி பிரியாணி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

2009 ஜூலை. மீட்டிங் ரூம் டிவியில் பட்ஜெட் உரை. எஃப்.பி.டி. ரத்து என்று அமைச்சர் சொன்னதும் எல்லோரும் கைதட்டினார்கள். தமிழினி மட்டும் தட்டாமல் என்னைப் பார்த்தாள்.

மதியம் தினகரன் கூப்பிட்டார்.

"இந்த வருஷத்துலேர்ந்து எஃப்.பி.டி. கணக்கு ஓடக் கூடாது. எத்தனை நாள் ஆகும் அசார்?"

பத்து நாள் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"இன்னிக்கே முடிஞ்சிடும் சார்."

மார்ச் 31-க்குப் பிந்தைய தேதி என்றால் உள்ளே போகாதே. அவ்வளவுதான் எழுதினேன். நான்கு வருடத்தில் முதல் தடவையே பிழையில்லாமல் ஓடியது அது ஒன்றுதான்.

இரண்டு வாரத்தில் கடிதம் கொடுத்தார்கள். ஒரு மாத நோட்டீஸ். அந்த மாதம் முழுக்க உட்கார்ந்து, கேட்டபோதெல்லாம் கொடுக்காமல் ஏமாற்றிய டாகுமெண்ட்டை எழுதினேன். எதையும் மறைக்கவில்லை. நூற்றுப் பன்னிரண்டு பக்கம். சொந்தக் காசில் தாம்பரம் ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் பைண்டிங் போட்டு, கடைசி நாளில் தினகரன் மேசையில் வைத்தேன். இதைப் பார்த்தாவது மனசு மாறமாட்டாரா என்ற நப்பாசை.

அவர் அட்டையைக்கூடத் திருப்பவில்லை.

"இனிமே இதை யாரு படிக்கப் போறா? போகும்போது எடுத்துக்கிட்டுப் போயிடுங்க அசார்."