பதினான்காம் எண் வீட்டுச் சரிவு

நடைபாதை வருவதற்கு முன் தையல்காரம்மாவின் வாசலில் ஒரு மண் சரிவு இருந்தது. யாரும் கட்டியதல்ல, பல வருடம் கால்பட்டுப் படிந்தது. பக்கவாதத்தில் வலது பக்கம் செயலிழந்த கணவரைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, அதன் வழியாகத்தான் திங்கள், புதன், வெள்ளியில் பயிற்சி மையத்துக்குத் தள்ளிக்கொண்டு போவாள். அவர் முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர். தெருவுக்கு இன்னும் டிரைவர்தான்.

"ஆறு மாசம் விடாம வந்தா கை திரும்பும். நடுவுல விட்டா மடங்கினது மடங்கினதுதான்" என்று மையத்துப் பெண் சொல்லியிருந்தாள். நான்காம் மாதம் வலது கட்டைவிரல் அசைந்தது. அன்று தையல்காரம்மா ஒரு சட்டைக்குக் காலரைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டாள்.

அதற்கடுத்த வாரம் நகராட்சி இயந்திரம் வந்து மண் சரிவை அள்ளிக்கொண்டு போனது. வாசலை ஒட்டி அழகான நடைபாதை எழுந்தது. அதிலிருந்து சாலைக்கு ஒன்றரை அடிப் பள்ளம். வரைபடத்தில் பதினான்காம் எண் வீட்டுக்குச் சிமெண்டுச் சரிவு உண்டு என்று வேலையை மேற்பார்வையிட்ட ஓவர்சியர் விரல் வைத்துக் காட்டினான். இளைஞன், நல்லவன்தான். ஆனால் நாளைக்கு, நாளைக்கு என்று பத்து நாள் போனது. மையத்துக்கு நான்கு முறை போக முடியவில்லை.

ஒரு காலையில் அவனே ஓடி வந்தான். முகம் வெளிறியிருந்தது.

"அக்கா, மத்தியானம் பெரிய அதிகாரி பார்வையிட வர்றாரு. சரிவு ஒண்ணுதான் பாக்கி. இப்ப ஊத்தினா காயாது. என் வேலையே போயிடும்க்கா."

"முதல்ல தண்ணியக் குடிங்க தம்பி. சாப்பிட்டீங்களா?"

அவன் சாப்பிடவில்லை. அவள் தட்டில் போட்டுக் கொடுத்தாள். அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே யோசித்தவள், துணி வெட்டும் மேசையின் பலகையைக் கழற்றினாள். ஆறடி நீளம், கனமான மரம். "இத வச்சு இன்னைக்கு சமாளிங்க. ரெண்டு நாள்ல போட்டுக் குடுத்துடணும், சரியா?"

"கடவுள் மேல சத்தியமா, அக்கா."

நடைபாதை போட்ட கொத்தனார் பலகையைச் சாய்த்து வைத்து, மேலே சிமெண்டுப் பாலை மெழுகினார். பார்த்தால் கல் மாதிரியே இருந்தது. அதிகாரி வந்தார். டிரைவரைச் சரிவில் நிறுத்திப் புகைப்படம் எடுத்தார்கள். "கையத் தூக்குங்க சார்" என்றார்கள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு முயன்றார். கை வரவில்லை. கட்டைவிரல் மட்டும் நிமிர்ந்தது. எல்லாரும் கைதட்டினார்கள்.

ஒரு வாரத்தில் தெருமுனையில் பெரிய பதாகை எழுந்தது. 'நூறு சதவீதம் நிறைவு' என்ற எழுத்துக்குக் கீழே கட்டைவிரலை உயர்த்திச் சிரிக்கும் டிரைவர்.

"பார்த்தியா, என்னையும் கட்டி முடிச்சுட்டாங்க" என்றார் அவர்.

மழையில் பலகை ஊதி, நடுவில் பிளந்தது. மையத்துக்குப் போவது மறுபடி நின்றது. ஓவர்சியரை வேறு வட்டத்துக்கு மாற்றியிருந்தார்கள். கைப்பேசியை அவன் எடுக்கவில்லை. பலகை போனதால் அவள் தரையில் குனிந்து துணி வெட்டினாள், முழங்கால் வீங்கியது. ஒருநாள் நகராட்சி அலுவலகத்துக்கே போனாள். புகார்ப் பிரிவுப் பெண் கணினியைத் திருப்பிக் காட்டினாள்.

"சரிவு போட்டாச்சேம்மா. இதோ, உங்க வீட்டுக்காரர்தானே?"

"அது என் பலகைம்மா."

"பலகையா?" அந்தப் பெண் படத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "எனக்குப் புரியுது. ஆனா முடிஞ்ச வேலைக்கு மறுபடி வேலை போட இதுல இடமே இல்லம்மா."

அன்றைக்கு அவள் பேருந்தில் அழுதாள். பலகையைக் கொடுத்ததற்காக அல்ல. இனி யாராவது வாசலில் பசியோடு நின்றால் கொடுக்கத் தோன்றுமா என்று பயந்து அழுதாள்.

கொத்தனார் விஷயம் கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் சொல்லாமல் வந்தார். அரை மூட்டை சிமெண்டு, கொஞ்சம் மணல். மாலைக்குள் சரிவு எழுந்தது. "மூணு நாள் ஏறாதீங்க. ஈரச் சாக்கு போட்டு வைங்க" என்றார். புதன்கிழமை டிரைவர் அதில் இறங்கினார். மையத்துப் பெண் அவருடைய கையை நெடுநேரம் பிடித்திருந்தாள். கட்டைவிரல் அசையவில்லை. "பார்ப்போம்" என்று மட்டும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்குக் கொத்தனார் மறுபடி வந்தார். கையில் சம்மட்டி. தலையை நிமிர்த்தவில்லை.

"என்னண்ணே?"

"பதினாலாம் நம்பருக்கு ஒரு சரிவுதான் கணக்குல இருக்காம். இது ரெண்டாவதாம். சாலையை ஆக்கிரமிச்சிருக்குன்னு இடிக்கச் சொல்லி உத்தரவு. நான் மாட்டேன்னா வேற ஆள் வருவான். அவன் வாசப்படியையும் சேர்த்துப் பேத்துடுவான்."

தையல்காரம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னென்னவோ சொல்ல வாயெடுத்தாள். கடைசியில் உள்ளே போய் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"போட்டவன் கையாலயே போகட்டும். ஒரு தடவைதான் ஓடுச்சு, நல்ல வண்டி" என்றார் டிரைவர்.

சம்மட்டியால் இருபது அடி. சரிவு நல்ல உறுதியாக இருந்ததால் அத்தனை அடி ஆயிற்று. கொத்தனார் கற்களை ஓரமாக ஒதுக்கினார். கை கழுவினார். தண்ணீரைக் குடித்தார். பிறகு டிரைவரின் முன் முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"ஏறுங்க."

"நான் கனமாச்சேப்பா."

"சிமெண்டு மூட்டைய விடவா? பேசாம கழுத்தைப் பிடிங்க."

இடது கை கழுத்தைச் சுற்றியது. வலது கை தோளில் தொங்கியது. பின்னால் தையல்காரம்மா காலி நாற்காலியைச் சாலையில் இறக்கித் தள்ளிக்கொண்டு வந்தாள். தெருமுனையில் பதாகைக்குக் கீழே அவரை அதில் உட்காரவைத்தார்கள். மேலே நிமிர்ந்திருந்த அந்தக் கட்டைவிரலை டிரைவர் அண்ணாந்து பார்த்தார்.

"அந்த ஆளுக்குக் கை வந்துருச்சு, பாரு."

கொத்தனார் அவருடைய வலது கையை எடுத்து மடியில் மெதுவாக வைத்தார்.

"திங்கக்கிழமையும் எட்டரைக்கு வர்றேன்மா" என்று சொல்லிவிட்டு, சம்மட்டியை எடுத்துக்கொண்டு அடுத்த தெரு வேலைக்குப் போனார்.