வெயிலில் வைத்த தாழி

“எனக்கு நெலத்துல பங்கு வேணுமுங்கப்பா.”

சோமனூர்ப் பக்கத்துப் பாலுசாமி வீட்டில் எந்தப் பெண்பிள்ளை வாயிலிருந்தும் அதுவரை வராத வார்த்தை அது. ரசம் ஊற்றிக்கொண்டிருந்த ராசாத்தாளின் கரண்டி அந்தரத்தில் நின்றது. “பொறந்த ஊட்டுல என்ன வேணாலும் கேளு, பங்கு மட்டும் கேக்காத” என்று மகள் நித்யஸ்ரீக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து ஓதியவளே அவள்தான்.

அண்ணன் கிருபாசங்கர் சிரித்தான். “இந்த ஊட்டுல மொதல் பட்டதாரி பாருங்க, சட்டம் பேசறா. எந்தக் காடு வேணுமாமா?”

“குட்டையோரத்து மேடு. நாளைக்கு ஜேசிபி உட்டு மேட்ட வழிச்சு, அந்த மண்ணுலயே குட்டைய மூடி, தறி செட்டு போடப் போறியே, அதேதான்.”

அந்த மேட்டுக்கு அடியில் முதுமக்கள் தாழிகள் கிடக்கின்றன. செத்தவர்களை உள்ளே வைத்துப் புதைத்த பழங்காலப் பெரும்பானைகள். போன மாதம் தென்னங்குழி தோண்டும்போது ஒன்றின் விளிம்பு தட்டுப்பட்டது. அப்படியே மண்ணைத் தள்ளி மூடு, தொல்லியல்காரர்களுக்குச் சொல்லுவோம் என்று நித்யஸ்ரீ தலைபாடாக அடித்துக்கொண்டாள். கிருபாசங்கர் கேட்டால்தானே? பெயர்த்தெடுத்து, பைப்படியில் தேய்த்துக் கழுவி, வருகிறவர் போகிறவர் பார்க்கட்டும் என்று வாசல் வெயிலில் வைத்துவிட்டான்.

“பழைய பானைக்கு இத்தன ஆர்ப்பாட்டமா? வேணும்னா இன்னும் நாலு எடுத்து உங்க காலேஜுக்கே குடுத்தர்றேன், போதுமா?”

நித்யஸ்ரீ எழுந்து வாசலுக்குப் போனாள். தாழியின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். பிடித்த இடம் பொருக்குப் பொருக்காய்க் கையோடு வந்தது. கொண்டுவந்து அப்பாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“குட்டை ஈரம் இத்தன காலம் இதக் காப்பாத்துச்சு. உங்க மகன் ஒரே மாசத்துல கொன்னுபோட்டான். குட்டைய மூடினா, கீழ கெடக்கறது அத்தனையும் இப்படித்தானுங்க காஞ்சு வெடிக்கும்.”

பாலுசாமி ஒரு சில்லை எடுத்தார். விரலுக்கிடையில் அது மாவாய் உதிர்ந்தது. சோற்றைப் பார்த்தார், மகனைப் பார்த்தார்.

“செத்தவங்கள ரெண்டாந்தரம் சாகடிச்சுப்போட்டமேடா.”

இடது கையால் போனை எடுத்தார். “ஏனுங்க, நாளைக்கு வண்டி வேண்டாமுங்க. இல்லீங்க, எப்பவுமே வேண்டாம். தறி செட்ட ரோட்டோரமாப் போட்டுக்கறோம்.”

நித்யஸ்ரீ திரும்ப உட்கார்ந்தாள். ஒரு சொம்புத் தண்ணீரை அப்படியே குடித்தாள்.

“அதான் மேடு தப்பிச்சிருச்சில்ல அம்மணி,” ராசாத்தாள் கெஞ்சினாள். “அந்தப் பங்குப் பேச்ச உட்டுரு.”

“உட மாட்டனுங்கம்மா. இன்னிக்கு அப்பா மனசு மாறுச்சு. நாளைக்கு அண்ணன் கைக்குப் போனா? பத்திரத்துல எம்பேரு இருக்கோணும். பூமிக்குள்ள இருக்கறதக் காப்பாத்தறதுன்னா, தோண்டி எடுத்து வாசல்ல வெக்கறது இல்லீங்க. மேல இருக்கற மண்ணையும் கீழ இருக்கற ஈரத்தையும் யாரும் கை வெக்காம பாத்துக்கறது.”

பதிலுக்கு அவள் நிற்கவில்லை. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, குட்டைக்குத் தண்ணீர் வரும் வாய்க்காலில் அண்ணன் போட்டுவைத்திருந்த அடைப்பை எடுக்க நடந்தாள்.