ஆக்னஸுக்கு வராத காய்ச்சல்

எழுபத்தெட்டாம் வருஷம் அது. உலகத்துக் கடலுக்கெல்லாம் சட்டம் எழுத அரசாங்கங்கள் கூடிக் கூடிப் பேசிக்கொண்டிருந்தன. கடலில் இறங்குகிறவனை மட்டும் யாரும் கேட்கவில்லை. அதனால் பல தேசத்துச் சிறு மீனவர்கள் சேர்ந்து ஜெனீவாவில் தாங்களே ஒரு மாநாடு கூட்டினார்கள். தூத்துக்குடிக் கரைக்கும் அதில் ஓர் இடம் வந்தது, மக்களே.

யார் போவது? கரைவலை போடும் இடத்துக்குச் சண்டை வராமலிருக்க என்ன செய்வார்களோ, அதையே செய்தார்கள். வீட்டுக்கொரு சிப்பியில் அடையாளம் கீறி, மாதா கோயில் முற்றத்தில் ஓலைப்பெட்டியில் போட்டுக் குலுக்கினார்கள். ஆக்னஸின் சிப்பி வந்தது.

"ஏளா, நீ பிளேன்ல ஏறினா மீன் நாத்தம் தாங்காம பைலட்டு குதிச்சிருவான்" என்றாள் பக்கத்து வீட்டுப் பிலோமி.

"கருவாடும் கொண்டு போறேன். முழுசா மயங்கட்டும்."

சிரித்தாளே தவிர, ஆக்னஸுக்குச் சொல்ல இருந்தது ஒன்றே ஒன்று. இருட்டில் கரையோரம் வந்த லாஞ்சி என்கிற விசைப்படகு ஒன்று மோதித்தான் அவள் புருஷன் ரோச்சின் வள்ளம் பிளந்தது; அவனும் போனான். பொழுது சாய்ந்தபின் எந்த விசைப்படகும் கரைப்பக்கம் வரக்கூடாது. அதை அந்தச் சபையில் தன் வாயால் சொல்லிவிட வேண்டும்.

மீனவர் சங்கத்தை நடத்தியவன் அவள் சித்தி மகன் கிளாட்வின். இங்கிலீஷ் படித்தவன். அவள் கையால் சோறு தின்று வளர்ந்தவன். ஒருநாள் தலையைக் குனிந்துகொண்டு வந்தான்.

"யக்கா, குலுக்கி எடுத்த ஆளை மாநாட்டுக்காரவுக ஒத்துக்க மாட்டேங்காவ. ஓட்டுப் போட்டாத்தான் ஜனநாயகமாம். அதுக்கு நேரமில்ல. நான் போயி உன் பேச்சை அப்படியே சொல்லுதேன்."

"ஒண்ணும் விட்டுறாதல."

"விடுவனா?"

அவன் சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைத்ததும் அவள்தான்.

மாநாடு முடிந்து திரும்பியவனோடு, அதை நடத்திய பெல்ஜியக்காரப் பெண்ணும் கரை பார்க்க வந்தாள். மதுரையில் சில காலம் இருந்தவள், நிதானமாகத் தமிழ் பேசுவாள். வந்ததும் ஆக்னஸின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"காய்ச்சல் சரியாகிவிட்டதா? சிப்பி குலுக்கி உங்களைத் தேர்ந்தெடுத்த கதையை அங்கே எல்லாரிடமும் சொன்னேன். சந்தோஷப்பட்டார்கள். நீங்கள் பேசும்போது மொழிபெயர்க்க நானே பக்கத்தில் நிற்பதாக இருந்தேன்."

ஆக்னஸ் கையை உருவவில்லை. கிளாட்வினைப் பார்த்தாள். அவன் கோயில் கோபுரத்தைப் பார்த்தான்.

"ஏல, எனக்குக் காய்ச்சலா?"

"அவுகட்ட நான்தான் அப்படிச் சொன்னேன்க்கா."

"சரி. ராவுல வர்ற லாஞ்சியைச் சொன்னியா?"

"சொன்னேன்க்கா. லாஞ்சில வேலை பாக்கவுக சங்கங்களும் வந்திருந்தாவ. அதை எடுத்தாத்தான் சேருவோம்னாவ. எல்லாரும் ஒத்துக்கிட்டாத்தான தீர்மானம்? அது ஒண்ணை மட்டும் விட்டுக்குடுத்தேன்."

"ஏல, அது உன்னுதா, விட்டுக்குடுக்க?"

"அவுக இப்படிக் கேப்பாவன்னு முன்னமே தெரியும். நீ வந்திருந்தா பிடிச்ச பிடிய விட்டிருக்க மாட்ட. தீர்மானமே வந்திருக்காது. அதான்..."

"வராமப் போயிருக்கட்டும்."

இவர்கள் பேசிய வேகத்தில் பெல்ஜியக்காரிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "அக்கா என்ன சொல்கிறார்?" என்று கிளாட்வினிடம் கேட்டாள். அவன் தொண்டையைச் செருமினான்.

"அவன்ட்ட கேக்காதிய" என்றாள் ஆக்னஸ். "என்னக் கேளுங்க."