பருந்து இருந்த பக்கம்

பத்து வயதுக்கு மேற்பட்ட டிரெய்லர் வீடுகளை உள்ளே விடுவதில்லை என்பது, அவை வந்து தங்கும் அந்த பார்க்கின் சட்டம். மனிதர்களுக்கு நேரெதிர்: ஐம்பத்தைந்துக்குக் கீழே என்றால் வாசலோடு சரி. வெர்லினுக்கு எழுபத்தொன்று, அந்த வகையில் குறையில்லை. அவருடைய டிரெய்லருக்குத்தான் பதினேழு.

விதிவிலக்கு உண்டு. மேனேஜர் ட்வைலா நேரில் வந்து பார்த்து, வயது தெரியவில்லை என்று சொல்லிவிட்டால் போதும். மத்தியானம் வருவதாகச் சொல்லியிருந்தாள். அதுவரை வேலிக்கு வெளியே சரளைத் திடலில் நிறுத்திக் கழுவிக்கொள்ளலாம். உள்ளே போனபின் டிரெய்லர்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது. அதுவும் சட்டம்.

வெர்லினின் மனைவி ஆர்லிஸுக்குத் திங்கட்கிழமை முழங்கால் ஆபரேஷன். ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம். மினசோட்டா வீட்டை விற்றாகிவிட்டது, அங்கே இப்போது பனி. அரிசோனாவின் இந்தப் பக்கத்தில் மற்ற பார்க்குகள் எல்லாம் நிரம்பிவிட்டன. இதுவும் கைவிட்டால், ஆர்லிஸ் புது முட்டியோடு ஏதாவது கடையின் கார் நிறுத்துமிடத்தில்தான் படுத்துக்கிடக்க வேண்டும்.

கதவுப் பக்கத்தை விடிந்ததும் முடித்துவிட்டார். மெழுகு தேய்த்த தகடு முகம் பார்க்கலாம்போல இருந்தது. சிக்கல் இடப்பக்கத்தில். அங்கே 'பாலைப் பருந்து' என்ற மாடல் பெயரும், இறக்கை விரித்த ஒரு பறவையும் பெரிய ஸ்டிக்கராக ஒட்டியிருந்தன. வெயிலில் காய்ந்து, வறண்ட சேறுபோல் வெடித்திருந்தன. அந்த மாடல் நின்றுபோய்ப் பல காலம், பெயரைப் படித்தாலே வயது தெரிந்துவிடும். முடி உலர்த்தும் மெஷினால் சூடு காட்டி, பொறுமையாக உரித்தெடுத்தார்.

உரித்த பிறகுதான் தெரிந்தது. சுற்றிலும் வெயில் தின்று வெளுத்த பெயிண்ட், பெயரும் பறவையும் ஒட்டியிருந்த இடம் மட்டும் அன்று பிறந்ததுபோல் பளபளத்தது. பருந்து போகவில்லை. குளித்துவிட்டு வந்து நின்றது.

மெழுகு போட்டால் மறையும் என்று நம்பினார். உச்சி வெயில் தகட்டில் ஏறியிருந்தது. வெளுத்த இடமெல்லாம் மெழுகைக் குடித்துச் சுண்ணாம்பாக இறுகியது. பருந்தின்மேல் மட்டும் துணி வழுக்கிக்கொண்டு போனது.

"மறையுதா?" மடக்கு நாற்காலியிலிருந்து ஆர்லிஸ் கேட்டாள்.

"மறைஞ்சுக்கிட்டே இருக்கு."

"எனக்கு முட்டிதான்யா போச்சு, கண்ணு போகல. நேத்து வரைக்கும் அது காக்காவா கோழியான்னு தெரியாது. இப்ப கால் நகத்தை எண்ணலாம்."

வேலிக்கு உள்ளே, காபிக் கோப்பையும் நாற்காலியுமாக டெல்மார் என்பவர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கில் யார் டிரெய்லரைத் தொட்டாலும் நாலு பேர் நாற்காலி கொண்டுவந்துவிடுவது வழக்கம்.

"வெயில்ல மெழுகு போடக்கூடாதே அண்ணே," என்றார் டெல்மார்.

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே!"

"வேலை செய்யறவங்களைத் தொந்தரவு பண்ணக்கூடாது பாருங்க. முடிக்கட்டும்னு இருந்தேன்."

வெர்லின் துணியைக் கீழே போட்டார். இழுத்துவந்த லாரியில் ஏறி, டிரெய்லரைப் பின்னால் தள்ளி, இடப்பக்கத்தை அரளி வேலியோடு ஒட்ட வைத்தார். நடுவே பூனை போகலாம், ஆள் போக முடியாது. இறங்கும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ட்வைலாவின் கோல்ஃப் வண்டி வந்துவிட்டது.

அவள் கதவுப் பக்கம் நின்று, தகட்டில் தன் முகத்தைப் பார்த்துத் தொப்பியைச் சரிசெய்துகொண்டாள்.

"அழகா இருக்கே. அந்தப் பக்கம்?"

"அதுவும் இதே மாதிரிதாங்க."

"அப்ப ஏன் செடிக்குள்ள சொருகி வெச்சிருக்கீங்க?"

"நிழலுக்கு."

"கரண்ட், தண்ணிக் குழாய் எல்லாம் அந்தப் பக்கம்தானே இருக்கும்? முன்னால எடுங்க சார், பாக்கணும்."

வெர்லின் லாரியை நகர்த்தினார். இவ்வளவு மெதுவாக அவர் வாழ்நாளில் ஓட்டியதில்லை. அரளி இலைகளுக்குள்ளிருந்து முதலில் அலகு வந்தது, பிறகு இறக்கை, கடைசியில் முழுப் பெயரும்.

ட்வைலா வாய்விட்டுப் படித்தாள். "பாலைப் பருந்து." "வயசு தெரியுது."

ஆர்லிஸ் நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்து, நொண்டிக்கொண்டே வந்தாள்.

"தப்பு அவர்மேல இல்லம்மா. திங்கட்கிழமை எனக்கு ஆபரேஷன். கிழவன் பயந்துபோய்க் காலைலேர்ந்து தேச்சுக்கிட்டே இருக்கான். இன்னும் கொஞ்சம் விட்டா என்னையும் தேச்சிருப்பான்."

ட்வைலா அவளுடைய காலைப் பார்த்தாள். பருந்தைப் பார்த்தாள். பிறகு கதவுப் பக்கம் நடந்துபோய், போனை எடுத்து ஒரே ஒரு படம் பிடித்தாள்.

"முதலாளி வேற ஊர்ல இருக்காரு. அவருக்கு போட்டோ அனுப்பினா போதும். போட்டோவைத் திருப்பிப் போட்டு யாரும் பாக்கறதில்ல." போனைப் பைக்குள் போட்டாள். "துணி துவைக்கிற அறைக்குப் பக்கத்துல ஒரு இடம் இருக்கு. பருந்து சுவத்தைப் பாத்து நிக்கணும். முட்டி ஆறினதும் கிளம்பிடணும். சரியா?"

"சரிங்க, சரிங்க," என்றார் வெர்லின்.

"எந்த முட்டி?" என்றாள் ஆர்லிஸ். "திங்கட்கிழமை ஒண்ணுதான் பண்றாங்க."