ராபி பிளேரின் ஒரே சொந்த வரி

1

இந்தக் கதை ஓர் இருமலில் தொடங்கியது. தெற்குப் பிலடெல்பியாவில் என் பக்கத்து வீட்டுக்காரர் டொமெனிக் சொன்னது இது. அவர் சிறுவனாக இருந்தபோது, டிவியின் மாலை நடன நிகழ்ச்சியில் ஒரு பாடகன் பாட்டின் நடுவே இருமிவிட்டான். பாட்டு நிற்கவில்லை. இசைத்தட்டு ஓடும், பாடகன் வாயசைப்பான், அங்கே அதுதான் வழக்கம். தெருவே விழுந்து விழுந்து சிரித்ததாம். எனக்கென்னவோ அந்தப் பையன் பாவம் என்றுதான் பட்டது.

2

"1959. பளபளக்கும் விளக்குகளின் நடுவே, வெள்ளைக் கம்பளிச் சட்டையில், ஒரு தேவதூதனைப் போல..."

வேண்டாம். தேவதூதன் போன வருடம்வரை அப்பாவின் மீன்கடையில் செதில் சுரண்டியவன்.*

மறுபடி. நுன்ஸியோ ஸ்கார்பாட்டிக்குப் பதினெட்டு வயது. ஹெர்ப் என்ற மேனேஜர் அவன் தலையை வாரிவிட்டு, பல்லைச் சீராக்கி, ராபி பிளேர் என்று பெயர் வைத்தார். சிகரெட் கூடாது, தோல் கோட்டு கூடாது, பெண்களின் அம்மாக்களுக்கும் அவனைப் பிடிக்க வேண்டும். காதலி மட்டும் இருக்கவே கூடாது.

(இருந்தாள். லொரெட்டா. அதே நிகழ்ச்சியில் தினமும் ஆடுகிறவள். அவன் கொடுத்த மோதிரம் அவள் கழுத்துச் சங்கிலியில், சட்டைக்குள் தொங்கியது. காமிரா முன்னால் இருவரும் முன்பின் தெரியாதவர்கள்.)

* மீன்கடை என் கற்பனை. டொமெனிக் சண்டைக்கு வந்தால் வரட்டும்.

3

"கண்ணீர் மல்க லொரெட்டா அவனை..."

கோடு போட்டு அடித்துவிட்டேன். இந்தத் தெருப் பெண்கள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. ஸ்டுடியோ வாசலில் பபிள்கம் மென்றபடிதான் அவள் பேசினாள்.

"இன்னிக்கும் நிகழ்ச்சி நடத்துற அந்த ஆளு கேப்பாரு, காதலி இருக்காளான்னு. நீயும் 'இன்னும் தேடிக்கிட்டிருக்கேன்'னு பல்லக் காட்டுவே."

"ஹெர்ப் சொல்லிக் குடுத்ததுடி அது. கொஞ்ச நாள் பொறுத்துக்கயேன்."

"பாட்டுக்கு வாய மட்டும் அசைக்கிறே. சரி, பொழப்பு. இது ரெக்கார்டு இல்லடா, உன் தொண்டையால நீயே சொல்றது. நான் பக்கத்துலயே நின்னு கேட்டுக்கிட்டிருக்கேன். இன்னிக்கும் அதையே சொன்னேன்னா, மோதிரத்த உங்கம்மா கையில குடுத்துட்டுப் போய்க்கிட்டே இருப்பேன்."

உள்ளே ஹெர்ப் அவன் காலரைச் சரிசெய்தார். "உனக்கு ஆளு இருக்குன்னு தெரிஞ்சுது, தம்பி, நாளைக்கு ஒருத்திகூட உன் ரெக்கார்ட வாங்க மாட்டா. மறுபடியும் மீன்தான், பாத்துக்க."

நுன்ஸியோவுக்கு இரண்டும் வேண்டும். பதினெட்டு வயதில் யாருக்குத்தான் வேண்டாம்?

4

பாட்டு பாதி ஓடியபோது இருமல் வந்தது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. குனிந்து இருமினான். அவன் குரலோ தேனாகப் பாடிக்கொண்டிருந்தது. சுற்றி ஆடிக்கொண்டிருந்த பெண்கள் முதலில் விழித்தார்கள், பிறகு சிரித்தார்கள். அவனுக்குக் காதுவரை சிவந்துவிட்டது.

பாட்டு முடிந்ததும் தொகுப்பாளர் மைக்கோடு வந்தார். "அட, இருமிக்கிட்டே பாடறியே, பெரிய கெட்டிக்காரன்தான்! சரி ராபி, காதலி கெடைச்சாளா?"

5

முடிவு அ: அவள் பெயரைச் சொல்கிறான். கல்யாணம், மீன்கடை, மூன்று குழந்தைகள். (இனிப்பு திகட்டுகிறது.)

முடிவு ஆ: "இன்னும் தேடிக்கிட்டிருக்கேன்." மோதிரம் அம்மா கைக்குப் போகிறது. ராபி இன்னும் இரண்டு வருடம் புகழோடு...

இதை எழுதும்போது கை கூசியது. பெயர் ஹெர்ப் வைத்தது. குரல் இசைத்தட்டில் ஓடுகிறது. நிகழ்ச்சி முழுவதிலும் அவன் தன் தொண்டையால் பேசப்போவது இந்த ஒரு வரிதான். அதையும் நான் எழுதிக் கொடுத்தால், எனக்கும் ஹெர்ப்புக்கும் என்ன வித்தியாசம்?

இரண்டையும் அடித்துவிட்டேன். மைக் அவன் வாயருகே இருக்கிறது. காமிராவுக்குப் பின்னால் ஹெர்ப் சத்தமில்லாமல் உதட்டை அசைத்துக் காட்டுகிறார். லொரெட்டா மெல்லுவதை நிறுத்திவிட்டாள். உங்களுக்கும் ஒரு பதில் தோன்றியிருக்கும். தயவுசெய்து எடுத்துக் கொடுக்காதீர்கள். அவனே சொல்லட்டும்.